நேரமில்லாத வீட்டில் ஜெபம்: திருவாரூர்ச் சகோதரிக்கு ஒரு பதில்

சகோதரி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவாரூர் பக்கத்துக் கிராமம் உங்களுடையது. லுத்தரன் சபையில் பிறந்து வளர்ந்து, கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறீர்கள். கணவர் குவைத்தில். வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள், ஆறு மா நிலம், ஒரு கறவை மாடு. தினமும் ஒரு மணி நேரமாவது ஜெபித்தால்தான் விசுவாசம் வளரும் என்று யூடியூபில் ஒரு ஊழியர் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. பத்து நிமிஷம்கூட சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை. பைபிளைத் திறந்தால் தூக்கம் வருகிறது. மாமியார் செபமாலை சொல்லும்போது கூட உட்காரலாமா என்று தயக்கம். பதினாலு வயசுப் பையன் குடும்ப ஜெபத்துக்கு வர மறுக்கிறான். ஜெபித்தாலும் உள்ளே ஒன்றும் தோன்றவில்லை. "இப்படி இருக்கிற வாழ்க்கையில் விசுவாசத்தை எப்படி வளர்ப்பது?" என்று முடித்திருக்கிறீர்கள்.

நீங்கள் வழிமுறை கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எழுத்துக்குள்ளே இருப்பது வேறு கேள்வி. "எதுவும் தோன்றாத, அரைகுறையான என் ஜெபத்தை ஆண்டவர் கணக்கில் எடுத்துக்கொள்கிறாரா?" என்பதுதான் அது. அதற்குப் பதில், எடுத்துக்கொள்கிறார் என்பதே. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்திய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. மாற்கு ஒன்பதாம் அதிகாரம், போய்ப் பாருங்கள். பாதி நம்பிக்கையும் பாதி சந்தேகமுமாக வந்த அந்த மனுஷனின் பிள்ளை அன்றைக்கே சுகமானான்.

நான் ஓய்வு பெற்ற போதகர். இறையியல் கல்லூரியில் சபை வரலாறு படித்தேன். அப்புறம் மயிலாடுதுறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே உள்ள கிராமச் சபைகளில் பல வருஷம் வீடு வீடாகப் போயிருக்கிறேன். கத்தோலிக்க ஒழுங்குகளைப் பற்றி நான் சொல்வது வெளியே நின்று மரியாதையோடு பார்த்தவன் சொல்வது. அதில் ஐயம் வந்தால் உங்கள் பங்குத் தந்தையிடம் கேளுங்கள். உங்கள் மனச்சோர்வைப் பற்றியும் கடைசியில் கொஞ்சம் சொல்வேன், ஆனால் நான் மருத்துவன் அல்ல.

முதலில் அந்த ஒரு மணி நேரக் கணக்கு. இன்ன நேரம் ஜெபிக்க வேண்டும் என்ற கட்டளை வேதத்தில் இல்லை. இப்படிப் பேசுகிறவர்கள் வழக்கமாகக் காட்டுவது கெத்செமனே வசனத்தை: "நீங்கள் ஒரு மணிநேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா?" அது ஒரே ஒரு ராத்திரி, சிலுவைக்கு முந்தின ராத்திரி, மூன்று சீஷரிடம் சொன்ன வார்த்தை. அவர்களும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த வசனத்திலேயே, ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது என்று ஆண்டவர் தாமே அவர்களுக்காகப் பரிந்து பேசுகிறார். நாலரை மணிக்கு எழுந்து மாட்டைக் கறந்து, சோறு வடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு வயலுக்குப் போகிற ஒரு பெண்ணின் கழுத்தில் அந்த வசனத்தைக் கட்டுவது நியாயம் இல்லை. நீண்ட ஜெபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. வாய்க்கிறவர்கள் செய்யட்டும், அதனால் பலன் உண்டு. விசுவாசத்தை அளக்கிற மரக்கால் அது அல்ல, அவ்வளவுதான்.

ஆதிச் சபை என்ன செய்தது என்று பார்த்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். டிடாக்கே என்ற ஒரு சிறிய கையேடு உண்டு. முதல் நூற்றாண்டின் கடைசியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது. விசுவாசிகள் கர்த்தருடைய ஜெபத்தை, அதாவது பரமண்டல ஜெபத்தை, ஒரு நாளைக்கு மூன்று தடவை சொல்லும்படி அது சொல்கிறது. நிதானமாகச் சொன்னாலும் அந்த ஜெபத்துக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அன்றைய கிறிஸ்தவர்களில் அடிமைகள் இருந்தார்கள், கூலிக்காரர்கள் இருந்தார்கள், அடுத்தவர் வீட்டில் வேலை செய்த பெண்கள் இருந்தார்கள். அவர்கள் வாழ்க்கைக்குள் அடங்குகிற ஒழுங்கு அது.

இந்த மூன்று வேளை உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கத்தோலிக்கக் கோயில்களில் காலை, நண்பகல், மாலை என்று மணி அடிக்கிறார்களே, அது மூவேளை செபத்துக்கான மணி. உங்கள் மாமியார் அந்த நேரத்தில் கையிலிருப்பதை வைத்துவிட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்களும் நில்லுங்கள். அவர் தம் செபத்தைச் சொல்லட்டும், நீங்கள் பரமண்டல ஜெபத்தைச் சொல்லுங்கள். வயலில் இருந்தால் வரப்பில் நின்றபடி. கோயில் தூரமாக இருந்து மணிச்சத்தம் கேட்காத ஊர் என்றால் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளலாம், ஒரு குற்றமும் இல்லை. இதை மட்டும் ஒரு மாதம் செய்யுங்கள். வேறு எதையும் சேர்க்காதீர்கள். நான் பார்த்தவரையில், ஏழெட்டுத் தீர்மானங்களோடு ஆரம்பித்தவர்கள் மூன்றாவது வாரம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். ஒன்றோடு ஆரம்பித்தவர்கள்தான் நிலைக்கிறார்கள்.

நம் லுத்தரன் வீடுகளிலும் இதற்கு ஒப்பான ஒழுங்கு இருந்தது, மறந்துவிட்டோம். நம் சபைக்கு மூலவரான மார்ட்டின் லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்றுத் தரும் சிறு நூலில், குடும்பத்தாருக்கென்று காலை ஜெபமும் மாலை ஜெபமும் உண்டு. காலையில் எழுந்தவுடன் சிலுவை அடையாளம் இட்டு, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் முழங்காலில் நின்றோ நிமிர்ந்து நின்றோ சொல்லும்படி எழுதியிருக்கிறார். பிறகு ஒரு சின்ன ஜெபம். அப்புறம் பாட்டுப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போகச் சொல்கிறார். ராத்திரி ஜெபம் முடிந்ததும் உடனே நிம்மதியாகத் தூங்கச் சொல்கிறார். சிலுவை அடையாளம் இடுவது கத்தோலிக்க வழக்கம் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள், லுத்தர் அதை விடவில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லுத்தரன் மிஷனெரி சீகன்பால்கு ஆரம்பத்திலேயே தமிழில் கொண்டுவந்தவற்றில் இந்த ஞானோபதேசமும் ஒன்று. உங்கள் பாட்டி வீட்டுப் பெட்டியில் பழைய பிரதி ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும்.

ஜெபத்தில் மனசு அலைபாய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். லுத்தருக்குத் தெரிந்த பேத்தர் என்ற ஒரு நாவிதர் இதையே அவரிடம் கேட்டார். அவருக்காக 1535-ல் லுத்தர் எழுதிய பதில் இன்றைக்கும் பயன்படும். வேதத்தில் ஒரு வாக்கியத்தை, உதாரணமாகப் பத்துக் கட்டளையில் ஒன்றை, எடுத்துக்கொள்ள வேண்டும். இது எனக்கு எதைக் கற்றுத் தருகிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்லலாம், இதில் நான் எங்கே தவறியிருக்கிறேன், இதை வைத்து என்ன கேட்கலாம் என்று நான்கு சரமாக அதை மாலை கட்ட வேண்டும். நான்கையும் கட்டி முடிக்க வேண்டும் என்பதில்லை. நடுவில் ஒரு நல்ல எண்ணம் வந்து மனசு அங்கேயே நின்றுவிட்டால் மற்றதை விட்டுவிட்டு அமைதியாகக் கேட்கும்படி சொல்கிறார், அப்போது பேசுகிறவர் பரிசுத்த ஆவியானவர் என்று. நாற்றுப் பறிக்கும்போதும் களை எடுக்கும்போதும் கை தானாக வேலை செய்கிறது, மனசு சும்மா இருக்கிறது. "களவு செய்யாதிருப்பாயாக" என்ற ஒரு கட்டளையை எடுத்துக்கொண்டு ஒரு முற்பகலைக் கழித்துவிடலாம்.

பைபிள் வாசிப்புக்கு வருகிறேன். இரவு பத்து மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்து மனசுக்குள் வாசித்தால் யாருக்கும் தூக்கம் வரும், உங்கள் விசுவாசத்தின் கோளாறு அல்ல அது. நின்றுகொண்டு, வாய்விட்டு, ஏழெட்டு வசனத்துக்கு மேல் போகாமல் வாசியுங்கள். அதில் ஒரு வரியை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவியச் சபையார் 1728-ல் தொடங்கி ஒரு நாளைக்கு ஒரு வசனம் என்று வீடு வீடாகச் சொல்லி வந்தார்கள். 1731-லிருந்து அது ஆண்டுதோறும் அச்சில் வருகிறது, இன்று வரை நிற்கவில்லை. அந்தச் சபையார் 1760-ல் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கியிருந்தார்கள். வாட்ஸாப்பில் காலை வசனம் அனுப்புகிறோமே, அதற்கு முன்னோடி என்றே சொல்லலாம். அவர்கள் அந்த ஒரு வசனத்தை நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். நாம் அடுத்தவருக்கு அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இனி அனுப்புவதற்கு முன்னால் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அது போதும்.

இரவில் பாத்திரம் தேய்க்கும் நேரத்துக்கு நான் சிபாரிசு செய்வது இயேசு சபையாரின் ஆன்ம சோதனை. அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் வகுத்துக் கொடுத்தது. நம் கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவரும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்தான். அன்றைய நாளுக்கு நன்றி சொல்லி, ஆண்டவர் பார்ப்பதுபோல் நாளைப் பார்க்க வெளிச்சம் கேட்டு, காலையிலிருந்து நடந்ததை வரிசையாக நினைத்து, தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு ஒரு தீர்மானம் செய்வது. ஐந்து நிமிஷ வேலை. நடந்ததை நினைக்கும்போது பொத்தாம்பொதுவாக நினைக்காதீர்கள். தண்ணீர் முறையில் பக்கத்து வயல்காரரிடம் என்ன பேசினீர்கள், கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருந்தபோது யார்மேல் எரிந்து விழுந்தீர்கள், மாமியாருக்கு மாத்திரை கொடுத்தபோது முகம் எப்படி இருந்தது என்று பெயரோடு நினையுங்கள். நான் லுத்தரன்தான், ஆனால் இந்த ஒரு பழக்கத்துக்காக இயேசு சபையாருக்கு நன்றியுள்ளவன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜெபத்தைப் பற்றிய பேச்சுகளில் இது விடுபட்டுப் போகிறது. நடவுக்கும் களைக்கும் வருகிற பெண்களுக்குக் கூலியை அன்றன்றைக்கே கொடுப்பது ஆவிக்குரிய பயிற்சி. உபாகமம் 24-ஆம் அதிகாரம் பொழுது போகுமுன் கூலி கொடுக்கச் சொல்கிறது. "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி" பிடித்துவைக்கப்பட்டால் அது கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதுகிறார். அவர்களுக்கு டீ கொடுக்கிற டம்ளரும் உங்கள் வீட்டில் புழங்குகிற டம்ளரும் ஒன்றுதானா என்பதும் ஜெபத்தோடு சேர்ந்த கேள்வி. சாதி பார்த்து இடம் பிரித்து உட்கார்ந்த பழைய வரலாறு இந்தப் பகுதிச் சபைகளுக்கு உண்டு. அத்தனை ஞாயிறு ஆராதனையும் அத்தனை உபவாசமும் அதைத் தானாகக் கரைத்துவிடவில்லை. யாராவது ஒருவர் வீட்டில் தொடங்கினால்தான் கரைகிறது.

உபவாசம் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். புதனும் வெள்ளியும் உபவாசிப்பது ஆதிச் சபையின் வழக்கம், இதுவும் டிடாக்கேயில் இருக்கிறது. ஆனால் வெயிலில் குனிந்து வேலை செய்கிற நாளில் தண்ணீர்கூட குடிக்காமல் இருப்பதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். சர்க்கரை நோய் உள்ளவர்களும் பால் கொடுக்கிற தாய்மாரும் டாக்டரைக் கேட்காமல் செய்யவே வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து காலம் நம் பக்கத்தில் சம்பா அறுப்பு முடிந்து, வயலில் உளுந்தும் பயறும் நிற்கிற சமயத்தில் வருகிறது. கையில் கொஞ்சம் காசு புழங்குகிற காலம் என்பதால் விட்டுக்கொடுப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. ஒரு வேளைச் சோற்றை விட்டால் அதன் விலையை விதவைக்கோ அநாதைக்கோ கொடுக்கும்படி இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமச் சபையில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் அம்மாக்கள் செய்த பிடியரிசியும் அதே வழிதான். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிச் சட்டியில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். உங்களுக்கு நேரம் இல்லை, ஆனால் தினமும் அரிசி களைகிறீர்கள். அந்த ஒரு பிடியை எடுக்கும்போது ஒரு பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். குவைத்தில் இருப்பவர் பெயராகவும் இருக்கலாம், உங்களோடு பேசாதவர் பெயராகவும் இருக்கலாம்.

இப்போது, உள்ளே ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னது. உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். உணர்ச்சி வருவதை விசுவாசத்தின் அளவாக வேதம் வைக்கவில்லை, இது நிச்சயம். சங்கீதங்களை வகை பிரித்தால் புலம்பல் வகைதான் எண்ணிக்கையில் அதிகம். 88-ஆம் சங்கீதம் முடிவு வரை இருட்டாகவே போகிறது, கடைசியில்கூட ஒரு நம்பிக்கை வரி இல்லை. அதையும் சபை ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டது. நாலாம் நூற்றாண்டில் எகிப்திய வனாந்தரத்தில் ஜெபமே தொழிலாக வாழ்ந்த எவாகிரியஸ் என்ற துறவி, நண்பகல் நேரத்தில் ஜெபமும் வேலையும் எல்லாமும் சலித்துப்போகிற நிலையை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் சொன்ன மருந்து பெரும்பாலும், இருக்கிற இடத்தை விட்டு ஓடாமல் இருப்பது. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் வெளிவந்தபோது, எத்தனையோ வருஷங்கள் அவர் உள்ளே வறட்சியோடுதான் ஜெபித்தார் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அந்த வருஷங்களில் அவர் காலைத் திருப்பலியை விடவில்லை, தெருவில் கிடந்தவர்களைத் தூக்குவதையும் விடவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்துபோனவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். அவர்களிடம் ஸ்தோத்திரப் பாட்டு எடுபடவில்லை. "எதுவரைக்கும், கர்த்தாவே?" என்று 13-ஆம் சங்கீதத்தை வாசித்தபோதுதான் வாய் திறந்து ஆமென் சொன்னார்கள். உங்களுக்கும் கோபம் இருந்தால் கோபத்தோடு ஜெபியுங்கள். எதுவும் இல்லை என்றால் எதுவும் இல்லை என்று சொல்லியே ஜெபியுங்கள்.

இந்த வறட்சி எதனால் என்பது மட்டும் ஒரு கடிதத்தை வைத்துச் சொல்லக்கூடியது அல்ல. வெறும் அசதியாக இருக்கலாம். கணவர் தூரத்தில் இருக்கிற தனிமையாக இருக்கலாம். ஆண்டவர் உங்களை உணர்ச்சியைச் சாராத ஒரு ஜெபத்துக்குப் பழக்குவதாகவும் இருக்கலாம், பெரியவர்கள் பலர் அப்படி எழுதியிருக்கிறார்கள். மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். ராத்திரித் தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், அழுகையோ வெறுமையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ போய்ச் சொல்லுங்கள். சாகத் தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்கவே வேண்டாம், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

பையன் விஷயம். பதினாலு வயசில் இழுத்து உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறுகிறது, நான் இரண்டு விதமும் பார்த்திருக்கிறேன். அதனால் விதி சொல்லமாட்டேன். குடும்ப ஜெபத்தை ஐந்து நிமிஷமாகச் சுருக்கிப் பாருங்கள். ஒரு சங்கீதம், ஒரு பாட்டு, கர்த்தருடைய ஜெபம், முடிந்தது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஏதாவது ஒன்று உங்கள் அம்மா வீட்டில் பாடியிருப்பார்கள், அதை நீங்கள் அடுப்படியில் பாடுங்கள், பிள்ளைகள் காதில் விழட்டும். குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று வீடியோ காலில் அப்பா ஜெபம் நடத்தட்டும். அம்மா கூப்பிட்டு வராத பையன் அப்பாவின் முகத்தைப் பார்க்க வருவான். வந்தால் வாசிக்கச் சொல்லுங்கள், பிரசங்கம் பண்ணாதீர்கள்.

செபமாலைக்கு மாமியாரோடு தாராளமாக உட்காருங்கள். அங்கே மாலையின் பத்துப் பத்து மணிகளைச் சொல்லும்போது நினைக்கிற மறையுண்மைகளில் பெரும்பாலானவை சுவிசேஷ நிகழ்ச்சிகள்: மங்கள வார்த்தை, பிறப்பு, கெத்செமனே, சிலுவை, உயிர்த்தெழுதல். மரியாளிடம் பரிந்துபேசக் கேட்பது லுத்தரன் வழக்கம் இல்லை. அந்த வேறுபாடு உண்மையானது, மழுப்ப வேண்டியதில்லை. அந்த வரியில் நீங்கள் மௌனமாக இருந்துவிட்டு, நிகழ்ச்சியை மனசில் வைத்து ஜெபிக்கலாம். மரியாளின் பாட்டு, லூக்கா முதல் அதிகாரத்தில் இருப்பது, இரு சபைக்கும் பொது. லுத்தரே 1521-ல் அதற்கு விளக்கம் எழுதியிருக்கிறார். அதை மாமியாரோடு சேர்ந்து வாசியுங்கள்.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணமாக மாமியார் கூப்பிடுகிறார், போகலாமா என்பது உங்கள் இன்னொரு கேள்வி. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. திருவாரூரிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். நேர்ச்சை செய்துகொள்ள மனச்சாட்சி ஒப்பவில்லை என்றால் நேர்ச்சை இல்லாமல் போங்கள், துணைக்குப் போகிறேன் என்று சொல்லியே போங்கள். ஒரு வயசான பெண்ணோடு ராத்திரி முழுக்க நடந்து, அவர் கதையைக் கேட்டு, கால் வீங்கினால் தண்ணீர் வைத்துக் கழுவிவிடுவதை எந்தப் போதகரும் தப்பு என்று சொல்ல முடியாது. வெயில் ஏறுமுன் நடையை நிறுத்திவிடுங்கள். அவருடைய பிரஷர் மாத்திரையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். குறுவை அறுப்பு அந்த வாரத்தில் விழுந்தால் ஒளிவுமறைவில்லாமல் அவரிடம் சொல்லி, கொடியேற்றத்துக்குப் பதில் வேறு ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப்போங்கள்.